கோட்லா முற்றத்தில் கற்ற பாடம்

2024 நவம்பர் முதல் வாரம். காலை நடை முடிந்து பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். போட்ஸ்வானாவில் சுதந்திரம் வந்த நாள் முதல் 58 ஆண்டுகள் ஆண்ட கட்சி தேர்தலில் தோற்றுவிட்டது என்ற செய்தியை நண்பரிடம் சொன்னேன். வாக்கு எண்ணிக்கை முழுவதும் முடிவதற்கு முன்பே அதிபர் மசீசி தோல்வியை ஒப்புக்கொண்டு, வென்றவரை வாழ்த்திவிட்டார்.

"ஆப்பிரிக்காவிலா சார்? துப்பாக்கிச் சத்தமே இல்லாமலா?" என்று நண்பர் நம்பாமல் பார்த்தார். "அங்கெல்லாம் இன்னும் பழங்குடித் தலைவர்கள் இருக்கிறார்களாமே, அப்புறம் எப்படி ஜனநாயகம்?" என்று அடுத்த கேள்வியும் வந்தது.

இரண்டாவது கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன். அந்தப் பதில்தான் இந்தப் பதிவு.

பணிக்காலத்தில் எட்டு ஆண்டுகள், 1986 முதல் 1994 வரை, போட்ஸ்வானாவில் ஒரு மாவட்ட கவுன்சிலில் கணக்காளராக இருந்தேன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அங்கே போய்ச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சிறிய கிராமத்தில் மருத்துவ நிலையத்து நர்ஸுக்கு வீடு கட்டப் பணம் ஒதுக்கியிருந்தோம். ஆண்டு முடிவில் வேறொரு ஊரில் பாதியில் நின்ற வேலையை முடிக்க அந்தப் பணத்தை மாற்றிவிட்டார்கள். கோப்பில் எல்லாம் சரியாக இருந்தது; மாற்றக் குறிப்பில் என் கையெழுத்தும் இருந்தது. கிராமத்துத் தலைவரிடமிருந்து கவுன்சில் செயலாளருக்கு ஒரு கடிதம் வந்தது: கோட்லாவுக்கு வந்து விளக்கம் சொல்லவும். செயலாளர் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

கோட்லா என்பது ஊரின் பொது முற்றம். தடித்த மரக்கம்புகளை நெருக்கமாக நட்டு, பிறை வடிவத்தில் ஒரு தடுப்பு. அதன் உள்வளைவில் தலைவரின் நாற்காலி, பக்கத்தில் ஒரு பெரிய மரம். அவரவர் வீட்டிலிருந்து ஆண்கள் சின்ன நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொள்கிறார்கள். பெண்கள் தரையில் கால் நீட்டி உட்காருகிறார்கள். தலைவருக்கு அவர்கள் மொழியான செட்ஸ்வானாவில் 'கோசி' என்று பெயர், பன்மையில் 'டிகோசி'.

கோசி இரண்டு வார்த்தை பேசிக் கூட்டத்தைத் தொடங்கிவைத்தார். அதன் பிறகு ஏறக்குறைய நான்கு மணி நேரம் வாய் திறக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எழுந்தார்கள், பேசினார்கள். ஒருவர் தன் கழுதை காணாமல் போனதைப் பற்றிக்கூடப் பேசினார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. பழைய ராணுவக் கோட்டு போட்ட ஒரு கிழவர் என்னைப் பார்த்துக் கேட்டார், பக்கத்திலிருந்த குமாஸ்தா மொழிபெயர்த்தார்: "பணத்தை மாற்றியது நீ என்கிறார்கள். மாற்றுவதற்கு முன்னால் இந்த மரத்தடிக்கு ஏன் வரவில்லை?"

விதி எண், துணை விதி எண் எல்லாம் சொன்னேன். கிழவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் விதியைக் கேட்கவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்டேன்" என்றார். என்னிடம் பதில் இல்லை. இருபது வருடம் கணக்கு எழுதியவன், என் பேனா நகர்த்திய பணத்துக்குரிய மனிதர்களின் முகத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

கடைசியில் கோசி பேசினார். தன் கருத்து என்று தனியாக எதையும் சொல்லவில்லை. யார் யார் என்ன சொன்னார்கள் என்று தொகுத்து, "ஊர் இப்படிச் சொல்கிறது, கவுன்சில் இதை எடுத்துக்கொண்டு போகட்டும்" என்று முடித்தார். கூட்டம் "பூலா!" என்று குரல் கொடுத்துக் கலைந்தது. பூலா என்றால் மழை. அந்த வறண்ட நாட்டில் வாழ்த்தும் அதுதான், நாணயத்தின் பெயரும் அதுதான். அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் அந்த வீட்டுக்குப் பணம் வந்தது.

அந்தக் கோசிக்குப் பணம் ஒதுக்க அதிகாரம் இல்லை. வரி போட அதிகாரம் இல்லை. ஊர் நிலத்தைப் பிரித்துக் கொடுக்கும் உரிமையும் இல்லை. என்றாலும் ஓர் அரசு அதிகாரியை அழைத்து மரத்தடியில் நிறுத்திப் பதில் சொல்லவைக்க அவரால் முடிந்தது. இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

டிகோசிகளின் செல்வாக்கு எவ்வளவு பழையது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1885-ல் பிரிட்டன் இந்தப் பகுதியைத் தன் பாதுகாப்பு நாடாக அறிவித்தது. பத்தாண்டு கழித்து, சுரங்க முதலாளியும் கேப் காலனியின் பிரதமருமான செசில் ரோட்ஸ் இதைத் தன் கம்பெனியின் கைக்கு மாற்றப் பார்த்தார். பாங்வாட்டோ மக்களின் மூன்றாம் காமா, பாக்வேனா மக்களின் முதலாம் செபெலே, பாங்வாகெட்சே மக்களின் முதலாம் பாதோயென் ஆகிய மூன்று கோசிகளும் 1895-ல் கப்பலேறி இங்கிலாந்து போனார்கள். ஊர் ஊராகப் போய்த் தேவாலயங்களில் பேசி ஆதரவு திரட்டினார்கள். காலனித்துறை அமைச்சர் சேம்பர்லினைச் சந்தித்தார்கள், விக்டோரியா மகாராணியையும் பார்த்தார்கள். ரயில் பாதைக்கு ஒரு கீற்று நிலத்தை விட்டுக்கொடுத்து, மக்கள் வரி செலுத்தவும் ஒப்புக்கொண்டு, மீதி நாட்டைக் காப்பாற்றிக்கொண்டு திரும்பினார்கள். தலைநகர் காபரோனில் அவர்கள் மூவருக்கும் பெரிய வெண்கலச் சிலைகள் இருக்கின்றன.

அந்த மூன்றாம் காமாவின் பேரன்தான் செரெட்சே காமா. நான்கு வயதில் தந்தையை இழந்தவர். சித்தப்பா செகேடி காமா அவருக்குப் பதிலாக ஆட்சியைக் கவனித்தார். செரெட்சே லண்டனில் சட்டம் படிக்கப் போனார், 1948-ல் ரூத் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்தார்.

சித்தப்பா கொதித்துவிட்டார். செரோவே ஊர்க் கோட்லாவில் கூட்டம் கூடியது. 1948 நவம்பர், டிசம்பர் இரண்டு கூட்டங்களிலும் ஊர் செரெட்சேவுக்கு எதிராகத்தான் பேசியது. அவர் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. 1949 ஜூனில் மூன்றாவது முறையாகக் கூடியபோது ஆயிரக்கணக்கானோர் வந்திருந்தார்கள். என் மனைவியை ஏற்காதவர்கள் எழுந்திருங்கள் என்றார். ஏறக்குறைய நாற்பது பேர் எழுந்தார்கள். ஏற்பவர்கள் எழுந்திருங்கள் என்றார். மைதானமே எழுந்து நின்றது. வாக்குச்சீட்டு, பெட்டி எதுவும் இல்லாத ஒரு தேர்தல் அது. இளவரசனே தன் குடிகளிடம் மூன்று முறை கேட்டு ஜெயித்திருக்கிறார்.

பிரிட்டிஷ் அரசு அதை மதிக்கவில்லை. பக்கத்தில் தென்னாப்பிரிக்கா நிறவெறிச் சட்டங்களைப் போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. வெள்ளைக்காரப் பெண்ணை மணந்த கறுப்புத் தலைவனை எல்லைக்கு அப்பால் அவர்கள் பொறுக்கமாட்டார்கள் என்று லண்டன் பயந்தது. விசாரணைக் குழு ஒன்று போட்டார்கள். தலைவராக இருக்கச் செரெட்சேவுக்குத் தகுதி இருக்கிறது, ஆனால் தென்னாப்பிரிக்கா ஏற்காது என்பதால் அங்கீகரிக்க வேண்டாம் என்று அது எழுதியது. அந்த அறிக்கையை வெளியிடாமல் பூட்டிவைத்துவிட்டு, 1950-ல் அவர் சொந்த நாட்டில் வாழத் தடை விதித்தார்கள்.

முடிவை அறிவிக்க பிரிட்டிஷ் ஹை கமிஷனர் ஈவ்லின் பேரிங் முழுச் சீருடையில் செரோவே வந்து, கோட்லாவைக் கூட்டினார். மக்கள் வராமல் புறக்கணித்துவிட்டார்கள். கோட்லாவில் பேசுவது உரிமை என்றால், போகாமல் இருப்பதும் ஒரு பேச்சுதான். செரோவே குன்றின்மேல் மூன்றாம் காமாவின் கல்லறையில், அவர்கள் குலச்சின்னமான சிறு மான் ஒன்று வெண்கலத்தில் நிற்கிறது. அங்கிருந்து கீழே அந்த முற்றத்தைப் பார்த்தபோது, ஒரு சாம்ராஜ்யத்தின் பிரதிநிதி அங்கே காத்திருந்த காட்சியை நினைத்துக்கொண்டேன்.

1956-ல் செரெட்சே திரும்பிவர அனுமதித்தார்கள். நிபந்தனை: தலைமைப் பதவிக்கு இனி உரிமை கோரக்கூடாது. அவரும் சித்தப்பாவும் அதற்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டார்கள். சாதாரணக் குடிமகனாக வந்தவர் 1962-ல் கட்சி தொடங்கினார். 1965 மார்ச் தேர்தலில் 31 இடங்களில் 28-ஐ அவர் கட்சி வென்றது. 1966 செப்டம்பர் 30-ல் நாடு சுதந்திரமடைந்து, அவர் முதல் அதிபரானார்.

இனி டிகோசிகளுக்குக் கொண்டாட்டம்தான் என்று எவரும் நினைத்திருப்பார்கள். ராஜகுமாரனே அதிபராகிவிட்டாரே! நடந்தது நேர்மாறு. அவர்கள் கையிலிருந்த அதிகாரங்களை ஒவ்வொன்றாகப் பறித்தவர் அந்த ராஜகுமாரன்தான்.

1965-லேயே மாவட்ட கவுன்சில்கள் வந்தன. பள்ளி, சாலை, குடிநீர் எல்லாம் அவற்றிடம் போயின. சொந்தக்காரர் இல்லாமல் திரியும் மாடுகள் முன்பு கோசிக்குச் சேரும். அந்த வருமானமும் கவுன்சிலுக்குப் போனது. 1967-ல் கனிம உரிமை அரசுக்கு என்று சட்டம் வந்தது. 1968-ல் பழங்குடி நிலச் சட்டம். அது நடைமுறைக்கு வந்த 1970 முதல் நிலம் பகிரும் வேலையை நில வாரியங்கள் எடுத்துக்கொண்டன. எந்தக் கோசியை அங்கீகரிப்பது, யாரை நீக்குவது என்பதும் அரசின் கைக்கு வந்தது. டிகோசிகள் சம்பளம் வாங்குபவர்கள் ஆனார்கள்.

இதில் கனிமச் சட்டம்தான் எனக்குப் பெரியதாகப் படுகிறது. 1967-ல் ஒராபாவில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. ஒராபா இருப்பது பாங்வாட்டோ மண்ணில், அதாவது செரெட்சேயின் சொந்த மக்களின் மண்ணில். அந்த உரிமையை நாட்டுக்கு விட்டுக்கொடுங்கள் என்று அவர் தன் மக்களிடமே கேட்டார். எங்கள் வைரம் எங்களுக்கு என்று அன்று அவர்கள் நின்றிருந்தால், வைரத்தால் ரத்தம் சிந்திய ஆப்பிரிக்க நாடுகளின் பட்டியலில் இன்னொரு பெயர் சேர்ந்திருக்கலாம். 1971-ல் திறந்த அந்தச் சுரங்கத்தின் பணம்தான் நாடு முழுக்கப் பள்ளியும் மருத்துவமனையும் ஆனது. எனக்குச் சம்பளம் வந்ததும் அதிலிருந்துதான்.

எல்லாக் கோசிகளும் இதைப் பேசாமல் ஏற்றுக்கொள்ளவில்லை. 1895-ல் லண்டன் போன பாதோயெனின் பேரன் இரண்டாம் பாதோயென், 1928 முதல் கன்யே ஊரில் பாங்வாகெட்சே மக்களின் கோசி. 1969-ல் பதவியை உதறிவிட்டு எதிர்க்கட்சி சார்பில் தேர்தலில் நின்றார். எதிரே நின்றவர் துணை அதிபர் குவெட் மசீரே, அதே கன்யே ஊரின் சாதாரணக் குடும்பத்துக்காரர். பாதோயென் ஜெயித்தார்! மசீரே நியமன உறுப்பினராகப் பாராளுமன்றத்துக்குள் வரவேண்டியதாயிற்று. ஆனால் தேசிய அளவில் ஆளுங்கட்சிதான் வென்றது. தோற்ற மசீரே பின்னாளில் 18 ஆண்டுகள் அதிபராக இருந்தார். தலைவனும் குடியானவனும் ஒரே வாக்குச்சீட்டில் மோதி, முடிவை இருவரும் ஏற்றுக்கொண்டார்கள்.

மற்ற நாடுகள் என்ன செய்தன? கினியாவும் தான்சானியாவும் தலைவர் பதவிகளை ஒழித்தன. உகாண்டாவில் 1966-ல் ராணுவம் புகாண்டா மன்னரின் அரண்மனையைத் தாக்க, அவர் நாட்டைவிட்டு ஓடினார். 1967-ல் மன்னர் பதவிகள் ஒழிக்கப்பட்டு, 1993-ல் பண்பாட்டுப் பதவிகளாகத் திரும்பிவந்தன. கானா அரசியல் சட்டம் தலைவர்களுக்கு இடம் கொடுத்து, கட்சி அரசியலில் இறங்க மட்டும் தடை போட்டது. போட்ஸ்வானா பதவியையும் ஒழிக்கவில்லை, அதிகாரத்தையும் விட்டுவைக்கவில்லை. முற்றத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டது.

இன்றும் வழக்காற்று நீதிமன்றம் கோசியுடையது. சின்னத் திருட்டு, அடிதடி, மாடு மேய்ந்த தகராறு எல்லாம் அங்கேதான் முடியும். தலைநகரில் டிகோசிகளின் அவை இருக்கிறது. வழக்காற்றுச் சட்டம், பழங்குடி நிலம் பற்றிய மசோதா எதுவானாலும் அந்த அவைக்கு அனுப்பி 30 நாள் பொறுத்த பிறகே பாராளுமன்றம் எடுக்க வேண்டும். அவை தடுக்க முடியாது, கருத்துச் சொல்லலாம். இதெல்லாவற்றையும்விட, புதிய திட்டம் எதுவானாலும் அமைச்சர் கோட்லாவுக்கு வந்து சொல்லவேண்டும் என்ற வழக்கம் இருக்கிறதே, அதுதான் பெரிது.

அது வெறும் சடங்கு என்று நினைப்பவர்களுக்கு, நான் அங்கே இருந்தபோது நடந்த ஒன்று. ஒகவாங்கோ என்ற பெரிய ஆறு கடலுக்குப் போகாமல் கலஹாரி மணலில் விரிந்து சதுப்பு நிலமாகும் இடத்தில், போரோ என்ற கிளையாற்றைத் தோண்டி ஆழப்படுத்தி நீரைத் திருப்ப அரசு திட்டம் போட்டது. ஒப்பந்தக்காரர்கள் தயார். 1991 ஜனவரியில் மவுன் ஊர்க் கோட்லாவில் நூற்றுக்கணக்கானோர் கூடினார்கள். மீன் பிடிப்பவர்கள், நாணல் அறுப்பவர்கள், மாடு வளர்ப்பவர்கள் என்று ஒருவர் மாற்றி ஒருவர் மணிக்கணக்கில் அமைச்சரைக் கேள்வி கேட்டார்கள். அரசு வேலையை நிறுத்திவைத்தது. வெளிநாட்டு வல்லுநர்களைக் கொண்டு மறுஆய்வு செய்து, கடைசியில் திட்டத்தையே கைவிட்டது. எங்கள் அலுவலகத்தில் அன்று அதே பேச்சுதான். என் கிழவர் கேட்ட கேள்வியைத்தான் அவர்களும் கேட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் மொழியில் இரண்டு பழமொழிகள் உண்டு. "கோசி மக்களால்தான் கோசி" என்பது ஒன்று. "கோட்லாவில் பேசும் சொல் எல்லாம் அழகானதே" என்பது மற்றொன்று. தப்பாகப் பேசினாலும் பேசவிடு என்று அர்த்தம். கழுதைக்காரரை யாரும் உட்காரச் சொல்லாததன் காரணம் அப்போது புரிந்தது.

ஆனால் எல்லாச் சொல்லும் அழகு என்றால், யாருடைய சொல்? இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவனாவேன். அந்தப் பழைய முற்றம் ஆண்களுடையது. பெண்களும் இளைஞர்களும் பேசவே முடியாத காலம் இருந்தது. கலஹாரியின் ஆதிக்குடிகளான பாசர்வா மக்கள் மற்றவர்களின் மாடு மேய்க்கும் அடிமைகள்போல வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் குரலுக்கு அங்கே இடமே இல்லை. 1997-லும் 2002-லும் அரசு அவர்களை மத்திய கலஹாரியிலிருந்து வெளியேற்றியபோது காப்பாற்றியது முற்றம் அல்ல. 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம்தான் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. டிகோசிகள் அவையிலும் எட்டு இனங்களின் தலைவர்களுக்கு மட்டுமே பிறப்பால் இடம். வாயேயி போன்ற இனங்கள் நீதிமன்றம் போய்ப் போராடிய பிறகு, 2005-ல் அவையை விரிவாக்கினார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. கோட்லாவில் கட்சி பேசக்கூடாது என்பது விதி. கட்சிக் கூட்டங்களுக்கு 'விடுதலைச் சதுக்கம்' என்று தனி மைதானம். கேட்க நல்ல விதிதான். ஆனால் அமைச்சர் அரசின் பெயரில் கோட்லாவில் பேசலாம், எதிர்க்கட்சிக்காரர் பேச முடியாது. ஒரே கட்சி 58 ஆண்டுகள் ஆண்டதில் இதற்கும் பங்கு இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பெண்கள் விஷயத்தில் முற்றம் மாறியதை, ஊர் திரும்பிய பிறகு செய்திகளில் படித்து மகிழ்ந்தேன். 2002-ல் ராமோட்ஸ்வா ஊரில் பாலெட்டே மக்கள் மோசாடி செபோகோ என்ற பெண்மணியைத் தங்கள் தலைமைக் கோசியாக ஏற்றார்கள். வங்கியில் வேலை பார்த்தவர், மறைந்த கோசியின் மூத்த மகள். (பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், செட்ஸ்வானாவில் 'மோசாடி' என்றால் பெண் என்று பொருள்!) டிகோசிகள் அவையின் தலைவராகவும் வந்தார். அவருடைய மக்களின் முன்னோர் 1925-ல் விலை கொடுத்து வாங்கிய ஒரு பண்ணை நிலம் அரசின் நில வாரியத்துக்குரியதா, அந்த மக்களுக்கா என்ற வழக்கில் அரசையே எதிர்த்து நின்று, 2022-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை வென்றார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பாக்கட்லா மக்களின் இரண்டாம் கஃபேலா, ஊரில் ஆட்களைக் கசையால் அடிக்கச் செய்ததாக வழக்கைச் சந்தித்தார். இந்த அரசியல் சட்டத்தை மக்கள் ஒருபோதும் ஏற்கவில்லை என்று அவர் வாதாடினார். 2011-ல் அரசு அவர் அங்கீகாரத்தை ரத்து செய்தது. அவர் தென்னாப்பிரிக்கா போய்விட்டார். சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்பது சரிதான். அதே சமயம், அமைச்சரின் ஓர் உத்தரவில் கோசி பதவி போய்விடும் என்றால், அரசை எதிர்த்து நிற்கும் கோசி எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்ற கவலையும் சரிதான்.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். பாரம்பரியத் தலைவர்கள் இருந்தும் எப்படி ஜனநாயகம்? தலைவரிடமிருந்து கஜானாவை, நிலத்தை, வைரத்தை எடுத்துக்கொண்டு, மக்கள் பேசும் இடத்தையும், கேட்கும் கடமையையும் அவரிடமே விட்டுவைத்தார்கள். அதைச் செய்தவர் அந்தப் பதவிக்கே பிறந்தவர் என்பதால், இது வெளியிலிருந்து வந்த அடி என்று யாரும் சொல்ல முடியவில்லை. மூன்று முறை ஊரைக் கேட்டு மனைவியை அழைத்துவந்தவருக்கு, மக்கள் 'இல்லை' என்று சொல்லவும் ஓர் இடம் வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது. அந்த 'இல்லை'யைக் கேட்டுக்கொண்டு நாற்காலியை விட்டு எழுவதும் அந்த மண்ணில் ஒரு பழக்கம்தான். 2024-ல் தோற்ற அதிபர் செய்தது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

என் கோப்பில் இருந்த அந்தக் கையெழுத்து விதிப்படி சரியானதுதான். இன்றைக்கும் எந்தத் தணிக்கையும் அதில் குற்றம் காணாது. ஆனாலும் ராணுவக் கோட்டுக் கிழவர் கேட்டதற்கு, முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகும் என்னிடம் பதில் இல்லை. ஏன் முதலில் மரத்தடிக்குப் போகவில்லை? நாளைக் காலை நடையில் நண்பரிடம் இந்தக் கேள்வியைச் சொல்லவேண்டும். அவரும் ஓய்வு பெற்ற அதிகாரிதான்.